உட்காரச் சொல்லும் வார்த்தை

மலையடிவாரத்தில் குடில் போட்டிருந்த குருவுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாகலிங்கத்துக்கு எழுபத்தொன்று. மேலே தேன்கானல் மலையில், காட்டு ஜனங்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்துப் படிக்கவைத்த அரசு விடுதியில் முப்பது வருடம் வார்டனாக இருந்தவர் அவர்.

ஒருநாள் காலை கையில் கடிதத்தோடு வந்து நின்றார்.

"சாமி, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு. போன வருஷம் மலை ஜனங்ககிட்ட அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சில்லையா, அதுக்கு முதலாம் ஆண்டு விழாவாம். இந்தத் தடவை மன்னிப்பை அவங்க பேச்சுலயே வாசிக்கணுமாம்."

"நல்லதுதானே. யார் வாசிக்கிறாங்க?"

"என்னைக் கூப்பிடுறாங்க."

"அவங்கள்ல யாரும் இல்லையா?"

"இல்லை சாமி. கடைசியா பேசத் தெரிஞ்ச ஒரு பெரியவர் ஆடி மாசம் போயிட்டாராம். இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம்."

குரு கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாகலிங்கம் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளைங்களைப் பிடிக்கிறதுக்காகக் கத்துக்கிட்டேன். தமிழ்லதான் பேசணும்னு சட்டம். அவங்க பேச்சுல பேசினா வாயில கூழாங்கல்லு. ராச்சாப்பாடு வரைக்கும் துப்பக் கூடாது. எவன் என்ன பேசுறான், எவன் ஓடிப்போகப் பார்க்கிறான்னு தெரிய வேண்டாமா? நோட்டுப் போட்டு எழுதி எழுதிக் கத்துக்கிட்டேன்."

"மன்னிப்புக் கேட்க அவங்களுக்குன்னு ஏதாவது முறை உண்டா?"

"உண்டு சாமி. தப்புப் பண்ணவன் அடிபட்டவன் வாசல்ல போய் நின்னு, பண்ணினதைத் தன் வாயால சொல்லணும். அடிபட்டவன் உட்காரச் சொன்னா உட்காரலாம். சொல்லலைன்னா போயிட்டு மறுநாள் வந்து நிக்கணும். அப்படி உட்காரச் சொல்றதுக்குன்னு அவங்க பேச்சுல ஒரு வார்த்தை இருக்கு. வேற எப்படிச் சொன்னாலும் செல்லாது."

"போய் வாசிங்க. அரசாங்கம் பண்ணினதோட நீங்க பண்ணினதையும் சொல்லுங்க. அவங்க சொல்ற வரைக்கும் உட்காராதீங்க."

முதல் மன்னிப்பு தலைநகரத்தில் கேட்கப்பட்டது. மலைக்காரர்களுக்கு அது மூன்று வாரம் கழித்து ரேஷன் கடையில் தெரியவந்தது. அந்தக் குறை இருக்கக் கூடாது என்றுதான் இந்த வருடம் விழாவை மலையிலேயே வைத்தார்கள். பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை என்று ஒன்றுக்கும் குறைவில்லை. விடுதி மைதானத்தில் மலை ஜனங்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த விடுதியில் வளர்ந்தவர்கள்.

நாகலிங்கம் வாசித்தார். எழுதியிருந்தது முடிந்ததும் காகிதத்தை மடித்துவிட்டுத் தன் பங்கைச் சொன்னார். எந்தெந்தப் பிள்ளை வாயில் கல் வைத்தார் என்று பெயர் பெயராகச் சொன்னார். குரல் உடைந்து இரண்டு இடத்தில் நின்றது.

ஒரு முகமும் அசையவில்லை. கலெக்டர் கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

"உட்காருங்க சார்" என்றார் கலெக்டர். நாகலிங்கம் உட்காரவில்லை.

சாப்பாடு முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். கலெக்டரின் கார் கிளம்பியது. நாகலிங்கம் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் குடிலுக்கு வந்தபோது அவர் கால் வீங்கியிருந்தது. குரு பாயை விரித்தார். அவர் அதிலும் உட்காரவில்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"கடைசியில கெம்பன் வந்தான் சாமி. ஏழு வயசுல கொண்டாந்து சேர்த்த பையன். இப்ப அவனுக்கு ஐம்பது இருக்கும். 'நல்லா வாசிச்சீங்க ஐயா, அதான் எங்க பேச்சுங்களா? கேட்க நல்லா இருந்துச்சு'ன்னான்."

நாகலிங்கத்துக்கு அழுகை வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தமிழ்ல சொன்னீங்களா அவருக்கு?"

"சொன்னேன். உன் வாயில கல்லு வச்சது நான்தான், அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். 'அதெல்லாம் எதுக்குங்க ஐயா இப்ப. கால் வலிக்கும், உட்காருங்க'ன்னான். தமிழ்லதான் சொன்னான். அது செல்லுமா சாமி?"

"அவர் உட்கார்ந்துக்கிட்டா சொன்னார்?"

"இல்லை. நின்னுக்கிட்டு."

"எப்படி நின்னார்?"

நாகலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

"கையைக் கட்டிக்கிட்டு. ரெண்டு காலையும் சேர்த்து வச்சுக்கிட்டு. என் முகத்தைப் பார்க்கலை."

குரு பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"சாமி, எனக்கு ஒரு வழி தோணுது" என்றார் நாகலிங்கம். "அந்த வார்த்தை எனக்குத் தெரியுமே. ஒரே ஒரு வார்த்தைதான். நாளைக்கு மலை ஏறிப் போய் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடுறேன். அவன் வாயால ஒரு தடவை சொல்லிட்டா நான் உட்கார்ந்துடுவேன். சாகிறதுக்குள்ள ஒரு தடவை உட்கார்ந்துடணும் சாமி."

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

"சொல்லிக் கொடுங்க. தப்பில்லாம சொல்லிடுவார். ஏழு வயசுல இருந்து நீங்க சொல்லச் சொன்னதைத்தானே அவர் சொல்லிக்கிட்டு வர்றார்."