ஐயம்பெருமாளின் அறிவாளி எலி

ஜெசிந்தாவின் பன்னிரண்டு எலிகளும் நாலு நாளாக வேலைநிறுத்தத்தில் இருந்தன. பெட்டியில் இரண்டு கதவு. இடது கதவுக்குள் போனால் உடனே ஒரு கடலை. வலது கதவுக்குள் போய் அரை நிமிடம் பொறுத்தால் நாலு கடலை. போன வாரம் வரை மூக்கை நீட்டி, யோசித்து, ஏதோ ஒரு கதவுக்குள் பாய்ந்த எலிகள் இந்த வாரம் நடுவில் உட்கார்ந்து மீசையைத் தடவின. திங்கட்கிழமை அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு நேரில் பார்க்க வருகிறார். அவர் முன்னாலும் இதே கூத்து நடந்தால் இரண்டு வருட ஆராய்ச்சி குப்பைக்கூடைக்குத்தான்.

"எலிக்கு உடம்பு சரியில்லையா அண்ணாச்சி?" என்று ஐயம்பெருமாளிடம் கேட்டாள். பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி எலிகளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தீனி போடுகிறவர் அவர். அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.

"உடம்புக்கு என்ன கேடு? அறிவு முத்திப் போச்சும்மா. ஒரு கடலையா நாலு கடலையான்னு நம்மள வச்சு வேடிக்கை காட்டுதாவளேன்னு கோவம்."

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த லேப் டெக்னீசியன் முகைதீன், "ஆரம்பிச்சிட்டாருய்யா" என்றார்.

"சிரிக்காதீரும்வே. முந்தி ஒரு புரொபசர் வளைவு வளைவா பாதை கட்டி எலிய ஓட விட்டாரு. அவரு ஸ்டாப்வாட்ச்ச அமுக்குததுக்குள்ள எலி அந்தப் பக்கம் போயி நிக்கு. வாட்ச்சப் பாத்தா மைனஸ் ரெண்டு செகண்டு!"

"வாட்ச் ரிப்பேரா இருக்கும்."

"மூணு வாட்ச் மாத்தியாச்சு. கடைசியில எலியே பாவம் பாத்து, நடுவழியில நின்னு, அவரு அமுக்குன பெறவு ஓடுச்சு. அதோட மவன் இன்னும் பெரிய ஆளு. இதே மாதிரி ரெண்டு கதவு. பொறுத்தான், நாலு கடலை வந்துது. தொடல. இன்னும் பொறுத்தா இன்னும் வரும்லா? புரொபசர் ரிட்டயர் ஆயிட்டாரு. அடுத்தவரு வந்து அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு. பய எந்திரிக்கல."

"எலிக்கு ஆயுசே மூணு வருசம்வே!"

"அது சும்மா திரியுத எலிக்கு. நாம காத்துக்கிட்டு இருக்கும்போது வயசும் காத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

ஜெசிந்தாவுக்கு எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. மூன்றாம் கூண்டு எலியைத் தூக்கித் தராசில் வைத்தாள். போன வாரத்தைவிட நாற்பது கிராம் கூடுதல். கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளைக் கிளறினாள். அடியில் ஒரு கறிவேப்பிலையும் முழு மிளகும் கிடந்தன. நம்மைப் போலவே எலியும் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் தின்றிருக்கிறது. முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, கேன்டீன் உளுந்தவடை.

சோதனை முடியும்வரை தீனி கிடையாது என்பது அங்கே முதல் சட்டம். வயிறு நிறைந்த எலி எந்தக் கதவைத்தான் சீண்டும்?

"வடை எப்படி அண்ணாச்சி கூண்டுக்குள்ள வந்துச்சு?"

"அதத்தானம்மா சொல்ல வாரேன். இவன் கொக்கிய மூக்கால தள்ளி வெளிய வந்துருதான். நேரா கேன்டீன். பிள்ளைங்க கால்ல மிதிபடாம வரிசையில நிக்கான். இட்லி, பொங்கல், வடை மூணையும் பாத்து, யோசிச்சு, வடைய எடுக்கான். நீங்க ரெண்டு கதவ வச்சு சோதிக்கீங்க. அவன் மூணுல முடிவெடுத்து, பன்னெண்டு பேருக்கும் பார்சல் கட்டிட்டு வாரான்."

"சட்னி வாங்கலியோ?" என்றார் முகைதீன்.

"காரம் ஆகாது."

"அண்ணாச்சி!" ஜெசிந்தா கத்தியதில் பன்னிரண்டு எலிகளும் திரும்பிப் பார்த்தன. "என் ரெண்டு வருசம் போயிருக்கும். உங்களுக்கு வெளையாட்டா?"

ஐயம்பெருமாளின் குரல் இறங்கியது. "காலையில வெறும் வயித்தோட கம்பியப் புடிச்சிக்கிட்டு என்னையே பாக்குதும்மா. மனசு கேக்கல."

காரணம் தெரிந்ததில் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. கைடு வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வடை நின்றால் எலிகள் வழிக்கு வந்துவிடும். ஆனால் கோபம் தீரவில்லை.

"நானும்தான் நாலு நாளா காலையில பச்சைத் தண்ணி குடிக்காம இங்க நிக்கேன். எனக்கு ஒரு வடை வாங்கித் தர உங்களுக்கு மனசு வரலியே?"

ஐயம்பெருமாள் ஒரு நொடிகூடத் திணறவில்லை.

"உங்களுக்குன்னுதாம்மா இவன் முதல்ல வாங்கப் போனான். வார வழியில பசி தாங்கலியாம்."