தாய்வீடு போன ஹார்ட் டிஸ்க்

நொச்சிக்குறிச்சியில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எதுவானாலும் படம் எடுக்கப் பௌர்ணமி வீடியோஸ்காரர்கள்தான் வருவார்கள். ஊரில் வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்பது இன்னொரு காரணம். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருத்தர், "வாசல் வழியா வாரவிய ஒருத்தர் விடாம படத்துல வந்துரணும்" என்றார். ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள். தாலி கட்டியது மட்டும் படத்தில் இல்லை, ஏனென்றால் அது மேடையில் நடந்தது. ஆனால் வாசல் மிக நன்றாக வந்திருந்தது.

கடையில் மொத்தம் மூன்று பேர். கேமரா பிடிக்கும் கொம்பையாதான் முதலாளி. லைட்டைத் தூக்கிப் பிடிக்கிறவர் நயினார். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுத் தருகிறவன் சங்கிலி. மூன்று பேரும் கலந்து பேசாமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். தனியாக யோசித்தால் ஒரு தப்போடு போயிருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

வைகாசியில் கொம்பையாவுக்கே கல்யாணம் நடந்தது. பெண் பெயர் பிரம்மசக்தி, எல்லாருக்கும் பிரமு. கல்யாணத்துக்கென்றே புதுக் கேமரா வாங்கி நயினார் கையில் கொடுத்திருந்தான். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே மேடையிலிருந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வாரும்வே" என்று நயினாருக்குச் சொல்லிக்கொடுத்தான். ஐயர் நகர்ந்துவிட்டார்.

வினை அதற்குப் பிறகுதான். புதுக் கேமராவில் எடுத்த படம் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அதைத் திறக்க, கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற சிஸ்டம் புதுசாக வேண்டும். ஆனால் தாமரைப் பூ விரிந்து, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் சுற்றிக்கொண்டே வருவார்களே, அந்தத் தாமரை பழைய சிஸ்டத்தில் மட்டுமே விரியும். தாமரை இல்லாத கல்யாணத்தை நொச்சிக்குறிச்சியில் கல்யாணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கிடையில் சங்கிலி, படம் முழுவதையும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கொட்டிவிட்டுக் கேமராவில் இருந்ததைத் துப்புரவாக அழித்தும் வைத்துவிட்டான். ஆக, கொம்பையாவின் கல்யாணம் உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

ஆடி பிறந்தது. பிரமுவின் அப்பா மாகாளி, சீர்த்தட்டோடு மகளை அழைத்துப்போக வந்தார். ஆடி முடியும் வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடும் என்பது கணக்கு. பையைத் தூக்கிக்கொண்ட பிரமு வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆவணி ஒண்ணாந்தேதி வருவேன். அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் கூட வருவாவ. நான் வரும்போது டிவியில நம்ம கல்யாணம் ஓடணும். தாமரையும் விரியணும். இல்லன்னா இந்தப் படியிலேயே நின்னுட்டு அப்படியே திரும்பிருவேன்."

பிரமு சொன்னால் செய்கிறவள். கொம்பையாவுக்கு அவளிடம் பிடித்ததே அதுதான், இப்போது அவனைப் பயமுறுத்தியதும் அதுதான்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் டைட்டஸுக்குப் போன் போட்டார்கள்.

"இதுக்கா இவ்வளவு அழுவுத? புது டிஸ்க் ஒண்ணு வாங்கி, புது சிஸ்டத்தை அதுல ஏத்துங்கல. பழசு அதுபாட்டுக்குப் பழைய டிஸ்க்குல கெடக்கட்டும். ஒரே பெட்டிதான், ஆனா ரெண்டும் தனித்தனி. கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேணும்னு கேக்கும். வேணுங்கிறதை அமுக்கு."

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா சண்டை வராதா அண்ணாச்சி?" என்றார் நயினார்.

"வரும். அதுக்குத்தான், புதுசை ஏத்தும்போது பழசைக் கழத்தி வெளிய வச்சிரணும். இல்லன்னா புதுசு பாதிச் சாமானைக் கொண்டுபோயி பழசுல வச்சிரும். அப்புறம் ஒண்ணு இல்லாம ஒண்ணு எந்திரிக்காது."

எது எந்திரிக்காது என்று மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். புரியவில்லை என்று டைட்டஸ் தெரிந்துகொண்டார். படித்தவர் அல்லவா, அவர்களுக்குத் தோதாக ஓர் உதாரணம் சொன்னார்.

"ஏல, ஆடியில புதுப்பொண்ணு மாப்பிள்ளையைப் பிரிச்சு வைக்கோம்லா? அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

இது நன்றாகப் புரிந்தது. தெளிவாக விளக்கிவிட்ட திருப்தியில் டைட்டஸும் போனை வைத்துவிட்டார், பாவம்.

புது டிஸ்க் வாங்கி வந்து பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கலந்தாலோசனை தொடங்கியது.

"பொண்ணுதான் தாய்வீட்டுக்குப் போவணும். இதுல எது பொண்ணு?" என்றான் சங்கிலி.

"புதுசா வீட்டுக்கு வந்தது எதுவோ அதான் பொண்ணு," என்றார் நயினார். "வரும்போதே பெட்டியோட வந்திருக்கு பாரும்."

"அப்ப புதுசை அனுப்பிட்டுப் பழசுல ஏத்திருவோமா?"

பழசில் ஏற்றினால் அதிலிருக்கும் கல்யாணம் அழிந்துபோகும் என்பது மட்டும் கொம்பையாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஓடிப்போய் மறுபடி டைட்டஸைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, பழசுதான் பொண்ணா?"

"பழசைத்தான் கழத்தணும்! பழசு! பழசு!" என்று கத்தினார் டைட்டஸ்.

பழசுதான் பெண் என்று முடிவானது. ஆனால் சங்கிலிக்கு மனசு ஆறவில்லை. "பொண்ணு மாப்பிள்ளையை விட ஆறு வயசு மூத்ததா இருக்கே, நல்லாவா இருக்கும்?" என்றான். நயினார் யோசித்துவிட்டு, தன் சித்தி சித்தப்பாவை விட மூத்தவள் என்றும், சித்தப்பா அதனால்தான் இன்றைக்கும் ஒழுங்காக இருக்கிறார் என்றும் சொன்னார். சங்கிலி சமாதானமானான்.

தாய்வீடு எது என்பதில் தகராறே இல்லை. டவுனில் ஜமால் பாய் கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய டிஸ்க் அது. ஜாக்கெட் துணியில் சுற்றி, மேலே துளி குங்குமம் வைத்து, பழம், பூ, வெற்றிலைத் தட்டோடு மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். டிஸ்க்கைப் பெண்கள் சீட்டில் வைத்துவிட்டு நயினார் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டார். இந்தச் சீட்டில் ஏன் சாமானை வைத்திருக்கிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "வீட்டுப் பொண்ணைப் போயி சாமான்ங்கீரே, நல்லாருக்காவே?" என்று நயினார் சண்டைக்குப் போய்விட்டார்.

ஜமால் பாய் நல்ல மனுஷர். ஹார்ட் டிஸ்க்கைத் தட்டில் வைத்து யாரும் அவரிடம் கொண்டுவந்ததில்லை. முதலில் ரிப்பேர் என்று நினைத்தார். விஷயத்தைக் கேட்டதும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று முகத்திலும் சிரிப்பே இல்லை. அதனால் அவரும் சிரிக்கவில்லை.

"ஆடி முடியிற வரைக்கும் கண்ணுபோல பாத்துக்கிடணும் பாய்," என்றான் கொம்பையா. தட்டிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை. கல்யாணமே அதற்குள் அல்லவா இருக்கிறது.

"எம்மக மாதிரி பாத்துக்கிடுதேன். புழுங்கும்லா, ஃபேனுக்குக் கீழேயே வச்சிருக்கேன்," என்றார் பாய். நயினார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பிப் புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் மாட்டி, டைட்டஸ் போனில் சொல்லச் சொல்லப் புது சிஸ்டத்தை ஏற்றத் தொடங்கினார்கள். "இனி அது தானா ஏறும். முடியிற வரைக்கும் எதையும் தொட்டுராதிய," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். நாற்காலியைத் தொடக் கூடாதே. டீக்கடைக்காரர் கொண்டுவந்த டீயை அவரே ஆளுக்கொரு வாயாக ஊட்டிவிட்டுப் போனார். சங்கிலிக்கு மூக்கு அரித்தது. தொடாமல் தாங்கிக்கொண்டான். சிஸ்டம் கச்சிதமாக ஏறிவிட்டது. தாங்கள் எதையும் தொடாததால்தான் ஏறியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிக் கொம்பையா கதைக்கு வருவோம். ஆடி பாதி போவதற்குள் அவனுக்குப் பிரமு இல்லாமல் சோறு இறங்கவில்லை. மாமனார் ஊருக்குப் போக முடியாது. போனில் பேசினால் அவள் முதலில் கேட்பது, "வீடியோ என்னாச்சு?" முகத்தையாவது பார்க்கலாம் என்றால், அத்தனை முகமும் பாய் கடை ஃபேனுக்குக் கீழே இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் மற்ற இரண்டு பேரும் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் படம் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவன் தனியாக டவுனுக்குப் போனான்.

"பாய், சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து விட்டுருதேன். யார்ட்டயும் சொல்லிராதிய."

ஜமால் பாய்க்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டிக்குள் மாட்டினான். கம்ப்யூட்டரைப் போட்டதும், டைட்டஸ் சொன்னபடியே திரையில் இரண்டு பெயர் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வந்து நின்றன. எது வேண்டும் என்று கேட்டது. கொம்பையாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எத்தனை நாள் கழித்து இரண்டும் பார்த்துக்கொள்கின்றன, நடுவில் நாம் என்ன நந்தி மாதிரி என்று நினைத்தவன், மரியாதையாகக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான்.

பிறகு புது சிஸ்டத்தை அமுக்கி, பழைய டிஸ்க்கிலிருந்த படத்தைத் திறந்தான். திறந்துவிட்டது! மாலையும் கழுத்துமாகப் பிரமு நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் அழுதேவிட்டான். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, ஜாக்கெட் துணியில் சுற்றி, சாயங்காலத்துக்குள் பாயிடம் கொண்டுபோய் விட்டான். அப்போதே தாமரையையும் போட்டு வைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

ஆவணி ஒன்று. விடிந்ததும் மூன்று பேரும் போய்ப் பழைய டிஸ்க்கை அழைத்துவந்து, நல்ல நேரம் பார்த்துப் பெட்டிக்குள் குடியேற்றினார்கள். வேலை தொடங்கியது. புது சிஸ்டத்தில் போய்ப் படத்தைத் திறந்து, பழசுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பழைய சிஸ்டத்துக்குப் போய்த் தாமரைக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை போடும்போதும் அது எது வேண்டும் என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் கலந்து பேசினார்கள்.

மத்தியானமே பிரமு வந்துவிட்டாள். அம்மா, சித்தி, அத்தை, மாகாளி எல்லாரும் வந்துவிட்டார்கள். டிவியில் ஒன்றும் ஓடவில்லை. பிரமு படியில் ஒரு காலை வைத்தாள், அடுத்த காலை வைக்கவில்லை.

"இப்ப விரிஞ்சிரும் பிரமு, இப்ப விரிஞ்சிரும்," என்று கொம்பையா வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் சீர்ப் பலகாரத்தைப் பிரித்துத் தின்னத் தொடங்கினார்கள். மாகாளி வாடகை வண்டிக்காரரைப் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தார். கொம்பையாவுக்கு உயிரே போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தாமரை விரிந்தது. உள்ளேயிருந்து பிரமுவும் கொம்பையாவும் சுற்றிக்கொண்டே வந்தார்கள். பிரமு அழகாக இருந்தாள். கொம்பையா தாலியைப் பிடித்தபடி, "இடது பக்கம் வாரும்வே" என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். பிரமு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். மாகாளி வண்டியைப் போகச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த சித்திரையில் ஒருநாள் காலையில் சங்கிலி கம்ப்யூட்டரைப் போட்டவன், "ஐயையோ!" என்று அலறினான். எப்போதும் இரண்டு பெயர் வருகிற இடத்தில் மூன்று பெயர் இருந்தன. முந்தின நாள் ஒரு பாட்டை ஏற்றுவதற்காகப் பென் டிரைவைப் பெட்டியின் பின்பக்கம் செருகி, அதைச் சுத்தமாக மறந்துபோனவனும் இதே சங்கிலிதான்.

நயினார் பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். "இங்க இருக்கு பாரும்வே. குட்டியூண்டு இருக்கு."

"நேத்து நான் தொலைச்ச பென் டிரைவ் மாதிரியே இருக்கே," என்றான் சங்கிலி.

"சாயல் யாருக்கு வேணும்னாலும் வரும்," என்ற நயினார், விரல் விட்டு மாசத்தை எண்ணினார். அவர் முகம் மாறியது. "வே, இது சித்திரைலா? ஆடியில நாம பிரிச்சுல்லா வச்சிருந்தோம்?"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பிக் கொம்பையாவைப் பார்த்தார்கள். கொம்பையாவின் காது சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல், பாய் கடைக்குப் போனதையும், ஒரே பெட்டிக்குள் விட்டதையும், தான் வெளியே போய் நின்றதையும் சொல்லிவிட்டான்.

"வெளிய வேற போயி நின்னீராக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் நயினார்.

காபி கொண்டுவந்த பிரமு இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.

"ஓஹோ! அவளை மட்டும் தாய்வீட்டுக்குப் போயி பாத்துட்டு வரத் தெரிஞ்சுதா? ஆடி பூரா நான் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எங்க ஊரு எல்லையவாவது எட்டிப் பாத்தியளா?"

"உம்மொகத்தைப் பாக்கத்தான் பிரமு அவளைக் கூட்டியாந்தேன்," என்றான் கொம்பையா. "உம்மொகம் அவகிட்டலா இருந்துச்சு."

பிரமுவால் அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்குள் போனவள் ஒரு கிண்ணத்தில் சீனியோடு வந்தாள். "எந்த மாசத்துல பொறந்தா என்ன, பிள்ளை பிள்ளைதான்," என்று மூன்று பேர் வாயிலும் போட்டாள்.

தாய்வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் இருக்க முடியுமா? நயினார்தான் போன் போட்டார்.

"பாய், நீங்க தாத்தா ஆயிட்டிய!"

 ஜமால் பாய் அக்கறையாகக் கேட்டார்.

"சுகப்பிரசவமா, ஆப்பரேஷனா?"

நயினார் பெட்டியை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சுகப்பிரசவம்தான் பாய். பெட்டியைத் தொறக்கவே இல்ல."