செக்கு மாட்டின் கண்கட்டு

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். பேசியதை மனிதர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு மலையடிவாரத்து ஊரில் உடையான் என்று ஒரு செக்காட்டி இருந்தான். அவன் மனைவி வெயிலாள். செக்கை இழுக்க ஒரே ஒரு மாடு. சாம்பல் நிறம் என்பதால் அதற்கு மயிலை என்று பெயர். வெயிலாள் பிறந்த வீட்டில், அவள் கையால் கழுநீர் குடித்து வளர்ந்த மாடு அது. அவளைக் கட்டிக்கொடுத்தபோது சீரோடு சீராக அதையும் அனுப்பிவைத்தார்கள். அதனால் அவளை அது அக்கா என்றுதான் கூப்பிடும். உடையானை அத்தான் என்று கூப்பிடும்.

செக்கு ஆட்டுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய உரலுக்குள் கனத்த உலக்கை சாய்ந்து நிற்கும். மாடு சுற்றிவரச் சுற்றிவர உலக்கையும் சுழன்று எள்ளை உரலின் சுவரோடு வைத்து நசுக்கும். அப்போதெல்லாம் எண்ணெய் தானாக வெளியே வருவதற்கு உரலில் துளை கிடையாது. உள்ளே ஊறி நிற்கும் எண்ணெயைத் துணியால் ஒற்றி, குடத்தில் பிழியவேண்டும். அது வெயிலாளின் வேலை. உடையான், மாடு இழுக்கிற செக்குமரத்தின் மேல் பாரமாக உட்கார்ந்து மாட்டோடு சுற்றிவருவான்.

வெயிலாள் துணியோடு உரல் பக்கம் குனிந்தாலே மயிலை நின்றுவிடும். அவள் ஒற்றி எடுத்து, பிழிந்து, நிமிர்ந்த பிறகுதான் மறுபடி நடக்கும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கை உலக்கைக்கும் சுவருக்கும் நடுவில் போகிறது என்பதை அது கண்ணால் பார்த்தது. பார்த்தால் நிற்கத் தெரிந்த மாடு.

இப்படி இருக்கும்போது அரண்மனையில் கல்யாணம் வந்தது. கோட்டைச் சுவர் முழுக்க விளக்கு எரியவேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. ராஜா மந்திரியை நெருக்கினார். மந்திரி மணியக்காரரை நெருக்கினார். மணியக்காரர் வந்து உடையானின் கழுத்தில் உட்கார்ந்தார். உடையானுக்குக் கீழே நெருக்குவதற்கு இருந்தது ஒரு மாடுதான்.

"ஏல உடையான், வாற வெள்ளிக்கிழமைக்கு எண்ணெய் அரண்மனைக்கு வந்து சேரணும். இல்லேன்னா இந்தச் செக்கு உனக்கில்ல, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மணியக்காரர் போனார்.

மணியக்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் உடையான் முனையில் ஆணி வைத்த தார்க்குச்சியைக் கையில் எடுத்துவிட்டான்.

"நீ நின்னு நின்னு நடந்தா வேலை ஆகாது மயிலை. இனிமே நிக்கக் கூடாது."

"அக்கா உரலுக்குள்ள கையை விடுதா அத்தான். எப்படி நிக்காம நடக்க?"

"அவ பாத்துக்கிடுவா. உனக்கென்ன?"

"கண்ணு முன்னால தெரியுதே."

உடையானுக்குக் கோபம் வந்தது. மாட்டின் மேல் இல்லாத கோபம் எல்லாம் மாட்டின் மேல் இறங்கியது. விலாவில் தார்க்குச்சியால் குத்தினான். ரத்தம் கசிந்தது. வெயிலாள் ஓடிவந்து குச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைப் போட்டு ஏன் கொல்லுறீய? மயிலை, நீ நட. நான் சூதானமா எடுத்துக்கிடுதேன்."

ஆனால் மாட்டுக்கு அடி வலித்ததைவிட, கேட்காமல் அடித்ததுதான் வலித்தது. அது உடையானைப் பார்த்துச் சொன்னது: "சரி அத்தான். இனி நீங்க சொன்னா நிக்கேன். சொல்லலேன்னா எது நடந்தாலும் நிக்கமாட்டேன்."

"அப்படி வா வழிக்கு" என்றான் உடையான். பெரிதாக ஜெயித்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

அதன் பிறகு செக்கு நிற்கவே இல்லை. ஓடுகிற செக்கில் வெயிலாள் உலக்கை விலகும் நேரம் பார்த்துத் துணியை விட்டு, அது திரும்பி வருவதற்குள் இழுத்துக்கொண்டாள். துணி நழுவாமலிருக்க அதன் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். குடங்கள் நிறைந்தன. மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசுவதும் நின்றுபோயிற்று. மயிலை மட்டும் சுற்றிவரும்போதெல்லாம் அவள் கையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நடந்தது.

திங்கட்கிழமை உச்சிவெயிலில், செக்குமரத்தின் மேல் உட்கார்ந்தபடியே உடையான் கண்ணயர்ந்தான். அந்த நேரம் பார்த்து உலக்கை துணியைக் கவ்வியது. வெயிலாள் இழுத்தாள். வரவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்தது இறுகி, கை உரலுக்குள் போயிற்று.

மயிலை பார்த்தது. கால் தானாக நிற்கப் போனது. அப்போது விலாப் புண் சுருக்கென்றது. அத்தான் சொல்லவில்லையே என்று நினைத்தது. சொல்லட்டும் என்று நினைத்தது. ரோஷம் மனிதருக்கு மட்டும் உள்ளதல்ல. அது இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்தது.

வெயிலாள் அலறிய சத்தத்தில் உடையான் விழித்து, "நில்லு, நில்லு" என்று கத்தினான். மயிலை உடனே நின்றது. அதற்குள் கை தோள்வரை போயிருந்தது.

குடத்தில் இருந்த எண்ணெயை அள்ளிக் கொட்டி மருந்து அரைத்துப் போட்டார்கள். பலிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த வெயிலாள் புருஷனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீங்க தூங்கிட்டீய, அது எனக்குத் தெரியும். மயிலை பாத்துச்சா?"

"எனக்குத் தெரியாது தாயி."

"பாத்திருக்காது. பாத்திருந்தா நின்னிருக்கும்" என்றாள். அந்த நம்பிக்கையோடேயே போய்ச் சேர்ந்தாள்.

சுடுகாட்டில் பால் ஊற்றிக் காடாற்றி வந்ததும் உடையான் நேரே தொழுவத்துக்குப் போனான். மயிலை வைக்கோலைத் தொடாமல் நின்றிருந்தது.

"அவ சாகும்போது கேட்டா. இப்ப நான் கேக்கேன். நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துமா நிக்கல?"

"நீங்க சொல்லலையே அத்தான்."

உடையான் தார்க்குச்சியை ஓங்கினான். யாரைக் குத்துவது என்று அவனுக்கே தெரியவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு, மாட்டின் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான். மாடும் அழுதது. அழுது என்ன செய்ய?

மணியக்காரர் மறுபடி வந்தார். துக்கம் விசாரித்தார். பிறகு எண்ணெயையும் விசாரித்தார். கல்யாண விளக்கு ஒருத்திக்காகக் காத்திருக்காது என்றார்.

உடையான் மயிலையைச் செக்கில் பூட்டினான். அது நகரவில்லை. தட்டினான், தள்ளினான், கெஞ்சினான். உரலின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் குனிந்து நின்ற இடம் அது.

"அங்க அவ நிக்கா அத்தான். நான் நடந்தா மறுபடியும் கை உள்ள போகும்."

"அங்க யாருமில்ல மயிலை."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. என் கண்ணைக் கட்டிருங்க. பாக்கத் தெரிஞ்சும் நிக்காத கண்ணு எனக்கு எதுக்கு?"

உடையான் தன் தோள் துண்டை எடுத்து அதன் கண்களைச் சுற்றிக் கட்டினான். இறுக்கிக் கட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

"வெளிச்சம் வருது. இன்னும் இறுக்குங்க அத்தான்."

அவன் இறுக்கினான். மயிலை நடந்தது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அதன் இனமே அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

சுற்றிச் சுற்றி வந்தால் மாட்டுக்குத் தலை சுற்றும், அதனால் கட்டுகிறோம் என்பார்கள் செக்கு வைத்திருப்பவர்கள். அவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். அன்று முதல்தான் செக்கில் பூட்டுகிற மாட்டுக்குக் கண்ணைக் கட்டுகிறார்கள். மாடும் தலையை அசைக்காமல் நின்று கட்டிக்கொள்கிறது.