கொம்பையாவின் எடை

கூடைகூடையாகக் கிளிஞ்சல் கொட்டுகிற சத்தத்தைக் கொம்பையா தொட்டிலில் கிடந்தபோதே கேட்டிருக்கிறான். யாரோ ஒரு பெட்டி வளையலைப் படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோல் இருக்கும். வளர்ந்ததும் அந்த நத்தைமேட்டுக் காளவாயிலேயே வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் மூன்று பேருக்கும் சேர்த்தே அறிவு கொஞ்சம் குறைச்சல். ஆனால் சொன்ன சொல்லை மீறமாட்டார்கள்.

கோயில் மணியக்காரர் மதில் கட்டுவதற்காகக் கிளிஞ்சலை நிறுத்துக் கொடுத்தார். "கொடுத்த எடை அப்படியே திரும்பி வரணும். குறைஞ்சா காளவாயை இடிச்சுப்போடுவேன்" என்றார்.

சுட்டார்கள். சுண்ணாம்பைத் தராசில் வைத்தால், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. ஓர் ஆள் எடையைக் காணோம்.

மேஸ்திரி மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நெருப்பு தின்னிருக்குமோ?"

"அதுக்குத்தான் வேளாவேளைக்கு விறகு போட்டோமே அண்ணாச்சி. அது ஏன் கிளிஞ்சலைத் திங்கப்போகுது?" என்றான் இசக்கி.

"புகையோட போயிருக்கும்" என்றான் கொம்பையா.

காளவாயில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பானையைக் கவிழ்த்துப் பிடித்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி நிறுத்தார்கள். வெறும் பானையின் எடைதான்.

"புகை ஒண்ணும் எடுக்கலைலே. அநியாயமா அதுமேல பழி போட்டோம்" என்று மாசானம் புகை போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அப்போ எடுத்தவன் நம்மள்ல ஒருத்தன்."

காளவாய் மூட்டுமுன் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி, தன் எடைக்கு ஒரு கல் பொறுக்கி வைப்பது அங்கே வழக்கம். இப்போது மறுபடி ஏறினார்கள். அனலில் வேர்த்து வேர்த்து மாசானம் தன் கல்லைவிடக் குறைந்திருந்தார். இசக்கியும் அப்படியே.

"ஐயோ, நம்ம எடையையும் சேர்த்துல்லா களவாண்டிருக்கான்!" என்றான் இசக்கி.

கொம்பையா ஏறினான். தட்டு தாழ்ந்தது.

"இப்பத்தான் ஒரு செம்பு கஞ்சி குடிச்சேன் அண்ணாச்சி."

"கஞ்சி குடிச்சா பசி அடங்கும். எடை எப்படிலே கூடும்?"

கொம்பையா யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. தனக்கே தெரியாமல் எடுத்துவிட்டோமோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"காளவாய் போனா மூணு குடும்பமும் பட்டினி" என்றார் மாசானம். "எடையைத் திருப்பிக் கொடுத்திரணும். ஆனா உன்னையும் எடையையும் எப்படிப் பிரிக்க?"

"பிரிப்பானேன்? அப்படியே கொடுத்திருவோம்" என்றான் இசக்கி.

கோயில் தராசில் சுண்ணாம்பு மூட்டைகளின்மேல் கொம்பையாவை உட்கார வைத்தார்கள். தட்டு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. மாசானம் அவன் தலைப்பாகையை உருவினார். முள் நேரே நின்றது.

மணியக்காரர் மூட்டையைப் பார்த்தார், கொம்பையாவைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "எடை சரி" என்று எல்லாவற்றையும் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

மூட்டைகள் மதிலுக்குப் போயின. கொம்பையாவை மட்டும் தட்டிப் பார்த்த கொத்தனார், "இது சரியா வேகலை, இன்னொரு தரம் சுடணும்" என்றார்.

"சுட்டா எடை குறையும். இருக்கட்டும்" என்றார் மணியக்காரர்.

வேளாவேளைக்குக் கோயில் சோறு வந்தது. கொம்பையா அந்தக் களஞ்சியத்தில் சுண்ணாம்பாகவே இருந்து, வயசாகி இறந்துபோனான்.