இரண்டு வாசலிலும் வென்ற நீதிபதி

முன்னொரு காலத்தில் மருதவனம் என்ற நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. போதாததற்கு வீணை வேறு வாசிப்பார். அவர் வாசிக்க உட்கார்ந்தால் மாடத்துப் புறாக்கள்கூடப் பறந்துவிடும்.

அந்த நாட்டுப் பெருமன்றத்தின் தலைமை நீதிபதி எண்பது வயதில் ஓய்வு பெற்றார். அடுத்து யார்? "நான் நியமிப்பேன்" என்றார் ராஜா. "நாங்கள் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்போம்" என்றார்கள் ஊர்ச்சபையார். அவையில் ஒரே கூச்சல்.

ராஜா தம் மந்திரி அம்பலவாணர் பக்கம் திரும்பினார். "ஓய் மந்திரி, எந்த வழி சரி? பத்து நாளில் நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் யானைக் கொட்டாரத்தில் சாணம் அள்ளப் போகலாம்!"

அம்பலவாணருக்கு யானை என்றாலே பயம். "இரண்டையும் செய்து பார்ப்போம் பிரபு. தாங்கள் ஒருவரை நியமியுங்கள். ஜனங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்" என்றார்.

மந்திரி பதவிமேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த வல்லபராயர் என்ற அரண்மனை அதிகாரிக்கு இது வசதியாகப் போயிற்று. அவர் மனைவியின் தம்பி செண்பகராமன் சட்ட ஓலை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. மீசை மட்டும் வெகு கம்பீரம். மறுநாள் வல்லபராயர் அவனை ராஜாவின் வீணைக்கு முன்னால் உட்காரவைத்தார். கைக்குட்டைக்குள் வெங்காயம். தம்பி தாரைதாரையாகக் கண்ணீர் விட்டான்.

"இவனல்லவா ரசிகன்! இவனே நீதிபதி!" என்றார் ராஜா.

அதே வாரம் ஊருக்கு ஊர் வடை பாயசத்தோடு விருந்து. இலைக்கு இலை நின்று வல்லபராயர், "ஓலையில் யார் பெயர் என்று ஞாபகம் இருக்கட்டும்" என்றார். குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். அங்கேயும் செண்பகராமன்தான்!

"மந்திரியாரே, இரண்டு வாசலிலும் எங்கள் ஆள்தான். உமக்குக் கொட்டாரம்தான்" என்று சிரித்தார் வல்லபராயர்.

அந்தச் சமயம் பார்த்து வெளியே ஒரே சத்தம். அந்த வருஷம் மழை இல்லை. வயல் காய்கிறதே என்று கீழையூர்க் குடியானவர்கள் ராஜாவின் தாமரைத் தடாகத்துக்குப் போகும் வாய்க்கால் கரையை வெட்டிவிட்டார்கள். காவலர்கள் அவர்களை இழுத்துவந்திருந்தார்கள். ராஜாவுக்கும் கோபம், அவர்களுக்கும் கோபம்.

மந்திரியின் முகம் மலர்ந்தது. "பிரபு, புது நீதிபதி இதையே முதல் வழக்காக விசாரிக்கட்டுமே!"

செண்பகராமன் ஆசனத்தில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் பதவி கொடுத்த ராஜா. அந்தப் பக்கம் ஓலை போட்ட ஜனங்கள். முதல் நாள், "நீர் என்பது மிகவும் அவசியமானது" என்று சொல்லி எழுந்துவிட்டான். இரண்டாம் நாள் பல்வலி. மூன்றாம் நாள் ராஜா உறுமியதும், "வானம் உடனே மழை பெய்ய வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறேன்!" என்றான்.

இருபது வருஷமாக அந்த மன்றத்தில் தீர்ப்பு எழுதிவந்த நக்கண்ணை என்ற அம்மாள், எழுத்தாணியைத் தொப்பென்று போட்டாள்.

"இதை என்னால் எழுத முடியாது. வயலுக்குப் போக மிச்சம்தான் தடாகத்துக்கு என்று ராஜாவின் பாட்டனாரே மதகுக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். ஆகவே தண்ணீர் வயலுக்கு. ஆனால் மன்றத்தில் கேட்காமல் கரையை வெட்டியது குற்றம். வெட்டியவர்களே அடைத்துத் தர வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

ராஜாவின் மூக்கு விடைத்தது. குடியானவர்கள் முணுமுணுத்தார்கள்.

அம்பலவாணர் குதித்தெழுந்தார். "இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறது! அம்மாள் சொன்னதில் தப்பு எது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"பாட்டனார் சொல்லாயிற்றே!" என்று முனகினார் ராஜா. குடியானவர் தலைவர் மாசிலாமணி, "தப்பில்லைங்க. கசக்குது, அவ்வளவுதான்" என்றார்.

"இதை நீ ஏன் சொல்லவில்லை?" என்று செண்பகராமனை அதட்டினார் ராஜா.

அவன் அழுதேவிட்டான். இந்தத் தடவை வெங்காயம் தேவைப்படவில்லை. "யாருக்கு எதிராகச் சொன்னாலும் பதவி போய்விடுமே மகாராஜா! அத்தான் இதை எனக்குச் சொல்லவே இல்லையே!"

அவை கொல்லென்று சிரித்தது. "வல்லபராயரே, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நீரும் கரை அடைக்கப் போம்" என்றார் ராஜா. பிறகு மந்திரியிடம், "சரி, வழியைச் சொல்லும்" என்றார்.

"சட்டம் தெரிந்த ஐந்து பேர் கூடி மூன்று பெயர் சொல்லட்டும். அதில் ஒருவரைத் தாங்கள் நியமியுங்கள். வருஷாவருஷம், 'இருக்கலாமா, வேண்டாமா' என்று ஜனங்கள் ஓலை போடட்டும். நடுவில் யாரும் கைவைக்கக்கூடாது. தாங்களும்தான்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். ஐவர் சொன்ன மூன்று பெயரில் நக்கண்ணையும் இருந்தாள். ராஜா அவளையே நியமித்தார்.

வருஷம் முடிந்து ஓலைகளை எண்ணினார்கள். இருக்கலாம் என்று மூவாயிரம். வேண்டாம் என்று எண்ணூறு. அந்த எண்ணூறில் ஒன்றின்மேல் அரண்மனை முத்திரை!

"பிரபு, இது..." என்று இழுத்தார் அம்பலவாணர்.

"நான் போட்டதுதான்! என் குதிரை வாழைத்தோட்டத்தை மிதித்ததற்கு என்னையே நூறு கன்று நடச் சொன்னாளே! கோபம் வராதா?"

"நட்டாயிற்றா பிரபு?"

ராஜா மண் படிந்த நகங்களை நீட்டிக் காட்டிச் சிரித்தார். "நேற்றோடு முடிந்தது. ஓலையிலும் தோற்றுவிட்டேன். போய் அந்த அம்மாளிடம், இன்னும் ஒரு வருஷம் உட்காரச் சொல்லும்."