கொழுந்தப்ப ராஜாவின் கம்பளம் நனைந்த கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டைக் கொழுந்தப்ப ராஜா ஆண்டுவந்தார். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது, அப்படியொரு மனசு. யாராவது கெட்ட சேதி சொன்னாலோ, அவர் போடும் கூச்சலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துவிடும்.

அவருக்கு இரண்டு கறுப்பு நாய்க்குட்டிகள் பரிசாக வந்தன. ஒரே வயிற்றில் பிறந்தவை. மிளகு, கடுகு என்று பேர் வைத்துக் கொஞ்சினார். மறுநாளே மிளகு பட்டுக் கம்பளத்தை நனைத்துவிட்டது.

"இரண்டையும் காட்டில் கொண்டுபோய் விடுங்கள்!"

கேட்கிறேன், இரண்டு மாதக் குட்டிக்குப் பட்டு எது, புல் எது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதையேதான் மந்திரி மாசாத்தியும் கேட்டாள். "இருபது நாள் கொடுங்கள் மகாராஜா, நான் பழக்குகிறேன்."

படையை நடத்தும் தளவாய் வேங்கைநாதருக்கு ஒரு பெண் சொல்லி ராஜா கேட்பதே ஆகாது. "கொஞ்சினால் நாய் திருந்துமா அம்மணி? என் பிரம்பு மூன்றே நாளில் திருத்தும்!"

ராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு குட்டி! இருபதாம் நாள் சபையில் எது தரையை நனைக்கிறதோ அது காட்டுக்கு. அதை வளர்த்தவருக்குப் பதவி போச்சு!"

மிளகு தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் மாசாத்தி அதை வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே அது ஒன்றுக்குப் போன அந்த நொடியே, "நல்ல பிள்ளை!" என்று வாயில் ஒரு துண்டு வெந்த கறி. வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டால் திட்டவில்லை. "நான்தான் கவனிக்கவில்லை" என்று துடைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

தளவாயோ, ஈரத்தைக் கண்ட இடத்தில் கடுகின் மூக்கைத் தேய்த்துப் பிரம்பால் விளாசினார். மூன்றாம் நாளிலிருந்து அவர் கண்ணில் ஒரு சொட்டும் படவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இருபதாம் நாள். சபை நடுவில் மிளகு எழுந்து, கதவைப் பிறாண்டி முனகியது. மாசாத்தி வேப்பமரத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பினாள்.

"சபையில் சும்மா இருக்கத் தெரியவில்லை! என் கடுகைப் பாருங்கள், சிலை!" என்றார் தளவாய். கடுகு அவர் காலடியில் அசையாமல் இருந்தது. பின்னங்கால் மட்டும் நடுங்கியது.

ராஜா தலையாட்டத் தொடங்கினார். மாசாத்தி குறுக்கிட்டாள். "தளவாய் கொஞ்சம் வெளியே நிற்கட்டும் மகாராஜா. சிலைக்குக் காவல் எதற்கு?"

அவர் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தியதுதான் தாமதம். கடுகு குடுகுடுவென்று சிங்காசனத்துக்குப் பின்னால் ஓடி, ராஜாவின் சால்வை நுனியையும் கம்பளத்தையும் நிதானமாக நனைத்தது. கதவு திறந்ததும் பழையபடி சிலை!

"இது எப்படி?" ராஜா சால்வையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"உள்ளே ஒன்றுக்குப் போகக் கூடாது என்று அது கற்கவில்லை மகாராஜா. இவர் கண்ணெதிரே போகக் கூடாது என்றுதான் கற்றது."

"சரி, கடுகு காட்டுக்கு..."

"அதெப்படி? தோற்றது பிரம்பு. அதை அனுப்புங்கள்."

பிரம்பு போனது, தளவாய்ப் பதவியும் போனது. கடுகு மாசாத்தியின் மடிக்கு வந்தது. "கம்பளத்தைத் துடையும் வேங்கைநாதரே," என்றார் ராஜா, "திட்டாமல் துடையும்."

சிரிப்பு அடங்கியதும் ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் கத்துகிறேனே... நீங்களும் எதையாவது எனக்குப் பின்னால்..."

எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். தாடி நரைத்த ஏரிக் கண்காணி சேந்தன்தான் நடுங்கிக்கொண்டே எழுந்தார். "மகாராஜா... பெரிய ஏரியின் மதகு ஒரு மாதமாக ஒழுகுகிறது. மழைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இப்போது அடைத்தால் ஊர் பிழைக்கும்."

ராஜாவின் முகம் சிவந்தது. புறாக்கள் இறக்கையை விரித்தன. மாசாத்தி லேசாக இருமினாள். "பரிசை உடனே கொடுக்க வேண்டும் மகாராஜா. தள்ளிப்போட்டால் எதற்குக் கிடைத்தது என்று தெரியாது."

ராஜா கூச்சலை விழுங்கினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கிழவர் கழுத்தில் போட்டு, தட்டுத்தடுமாறிச் சொன்னார்:

"நல்ல... நல்ல பிள்ளை!"

அன்று மாலைக்குள் மறைத்துவைத்திருந்த இன்னும் பதினோரு ஒழுகல் வெளியே வந்தது. எல்லாவற்றையும் அடைத்தார்கள். மழை வந்தபோது ஏரி உடையாமல் நின்றது, ஊரும் நின்றது. மண்டபத்துப் புறாக்கள் அதற்குப் பிறகு பயந்து பறக்கவே இல்லை.