கோமதி உறங்க நான் விழுந்த கதை

எங்கள் ஊரிலும் புத்திசாலிகள் உண்டு. அவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் கொம்பையா, நடுவுள்ளவர் பிச்சாண்டி, கடைசியில் சொரிமுத்து என்கிற நான். மூவரில் நான்தான் கொஞ்சம் விவரமானவன் என்று ஊரில் சொல்வார்கள். அதை வைத்து மற்ற இருவரையும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரே தங்கச்சி, பேச்சி. அப்பா அம்மா இல்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்து கோமதியைப் பெற்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய்மாமன் மூன்று பேர் இருக்கிறோமே என்று நம்பி வந்தாள், பாவம்.

கோமதி பகலெல்லாம் உறங்கும். ராத்திரியெல்லாம் விழித்துக் கத்தும். இரண்டு மாதம் இப்படியே போனது. பேச்சிக்குக் கண் குழி விழுந்து, எதை எடுக்கிறோம் எதை வைக்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் காபித்தூள் என்று சீயக்காய்த்தூளைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். நாங்களும் வாங்கிக் குடித்துவிட்டு, இன்றைக்கு நுரை நன்றாக வந்திருக்கிறது என்றோம்.

இது எப்படியோ அவள் மாமியார் காதுக்குப் போனது. அந்த அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: "ஒரு பச்சப்பிள்ளைய உறங்க வைக்கத் துப்பில்லைன்னா மூணு தாய்மாமன் எதுக்கு? வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புதேன். பிள்ளையையும் தாயையும் ஏத்தி விடுங்க."

எங்கள் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. கோமதி எங்கள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் பால் குடிக்கும். அவளை அனுப்பிவிட்டு வெறும் விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திங்கட்கிழமை ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னோம். அவர் மூன்று விஷயம் சொன்னார். பகலில் பிள்ளை இருக்கிற இடத்தில் நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும், ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும். சும்மா சும்மா தொட்டிலிலிருந்து தூக்கக் கூடாது. உறங்கப் போடும்போது தினமும் ஒரே வேலையை, ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் செய்ய வேண்டும். எதையும் மாற்றக் கூடாது. பெரியண்ணன் விரல் மடக்கி மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

தொட்டில் கிடந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் கூடிப் பேசினோம்.

"பிள்ளைய முற்றத்துக்குக் கொண்டு போனா வெளிச்சம்தானே" என்றேன் நான்.

"தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா" என்றார் பிச்சாண்டி அண்ணன்.

"பிள்ள வெளிச்சத்துக்குப் போகக் கூடாது. அப்ப வெளிச்சம்தான் பிள்ளைகிட்ட வரணும்" என்றார் பெரியண்ணன்.

அப்படியொரு யோசனை எனக்கு வராமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. மதியத்துக்குள் கூரை ஓடுகளைப் பிரித்து, சட்டத்தையும் உருவி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டோம். தொட்டில் ஒரு மூலையில் இருந்தது. மாட்டுக்கான வைக்கோல் எதிர் மூலையில் கிடந்தது. பிள்ளைமேல் தூசி விழக்கூடாது என்று வைக்கோலுக்கு நேர்மேலேதான் பிரித்தோம். அந்த அளவுக்கு எங்களுக்கும் புத்தி உண்டு.

அறை பளிச்சென்று ஆனது. கோமதி பகல் முழுக்கக் கண்ணை அகல விழித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ராத்திரி எட்டரை மணிக்கு அதே ஓட்டை வழியாக நிலா உள்ளே வந்துவிட்டது.

"இருட்டா இருக்கணுமே, அண்ணே" என்றேன்.

"நிலாவ நாம அணைக்க முடியாதுல" என்றார் பெரியண்ணன்.

"அமாவாசைக்கு இன்னும் பதினேழு நாள் கிடக்கு. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள்" என்றார் பிச்சாண்டி அண்ணன். அவருக்குப் பஞ்சாங்கம் அத்துப்படி.

ரொம்ப நேரம் யோசித்து, ஓர் ஆள் கூரைமேல் உட்கார்ந்து நிலாவுக்குக் குடை பிடிப்பது என்று முடிவானது. மூவரில் எடை குறைந்தவன் நான். ஏறினேன். நிலா நகர நகர நானும் குடையோடு நகர்ந்தேன். ஒன்பது மணிக்கு நிலா ஒரு பக்கமாக ஒதுங்கியது. நானும் அந்தப் பக்கம் காலை வைத்தேன். அங்கே கூரை இல்லை.

"அய்யோ, என் இடுப்பு" என்று கத்திக்கொண்டு வைக்கோலில் விழுந்தேன். கால் பட்டுப் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பானை உடைந்தது. வெளியே கட்டியிருந்த ஆடு மிரண்டு கத்தியது. பேச்சி "ஏ சொரிமுத்தண்ணே" என்று அலறினாள். பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி மாமா டார்ச் லைட்டோடு ஓடி வந்து, "என்னல சத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா, பிள்ளைய உறங்க வைக்கோம்" என்றார் பெரியண்ணன்.

எல்லோரும் தொட்டிலைப் பார்த்தோம். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது. உறங்கிவிட்டது. பொழுது விடிகிறவரை அசையவில்லை. பேச்சியும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து விடிய விடிய உறங்கினாள். காலையில் அவள் தெளிந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி இடுப்பு வலியால் வந்தது.

நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன்மார் இருவரும் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மாவின் மூன்றாவது விஷயம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எந்தக் கால முதல்ல வச்ச?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"விழும்போது யாருண்ணே காலப் பாப்பா?"

"இடது கால்தான். நான் கீழே இருந்து பாத்தேன்" என்றார் பிச்சாண்டி அண்ணன்.

"அப்ப தினமும் இடது கால். நர்ஸம்மா எதையும் மாத்தக் கூடாதுன்னுட்டாங்க."

பேச்சியாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். "ஒம்பது மணிக்கே விழுந்துருண்ணே, எனக்கு உறக்கம் வருது" என்றாள். அவளும் எங்கள் கூடப் பிறந்தவள்தானே.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு நான் விழுந்தேன். பிச்சாண்டி அண்ணன் சந்தையிலிருந்து ஒரு வண்டிப் பானை கொண்டுவந்து அடுக்கினார். ஆடு மட்டும் இரண்டாம் நாளே பழகிப்போய், நான் விழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு அசைபோட்டது. அதன் காதைக் கிள்ளுவதற்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டியதாயிற்று. பேச்சி அரைக்கண்ணில் "ஏ சொரிமுத்தண்ணே" என்று அலறிவிட்டுப் படுத்துவிடுவாள்.

வெள்ளைச்சாமி மாமா முதலில் முறைத்தார். "நான் எதுக்குல தினமும் வந்து கேக்கணும்? என்ன சத்தம்னுதான் எனக்கே தெரியுமே" என்றார். "நீங்க கேக்கலன்னா பிள்ள உறங்காது மாமா" என்று கெஞ்சினோம். பிறகு அவருக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. எட்டே முக்காலுக்கே டார்ச் லைட்டோடு வாசலில் வந்து நின்று, "விழுந்தாச்சா?" என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினோம். அமாவாசையன்று, "நிலாவே இல்லையே, குடை எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன். மாற்றக் கூடாது என்றார்கள். மழை பெய்த அன்றைக்கும் நிலா இருக்க வேண்டிய பக்கத்துக்குத்தான் குடை பிடித்தேன். மழை வேறு பக்கமாக வந்தது.

அடுத்த மாதம் நர்ஸம்மா வந்தார். கோமதி கொழுகொழுவென்று இருந்தது. பேச்சி காபிக்குக் காபித்தூளையே போட்டாள்.

"பிள்ளை நல்லா உறங்குதா? நான் சொன்ன மாதிரி செய்றீங்களா?"

"ஒண்ணுவிடாம செய்றோம்மா."

நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன?" என்றார்.

"இவன்தான் பிள்ளைய உறங்க வைக்கிறவன்" என்றார் பெரியண்ணன். நர்ஸம்மா எனக்கு ஒரு களிம்பு கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் மாதம் வந்தது. இனி இங்கேயே வைத்துக்கொள்ள முடியாது. பிள்ளையை அப்பா வீட்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளை காலையில் வந்து பேச்சியையும் கோமதியையும் கூட்டிப்போனார். தாய்மாமன் சீரோடு நாங்கள் பின்னால் வேனில் கிளம்பினோம். மற்ற வீடுகளில் சீர் என்றால் வெள்ளி அரைஞாண், வெண்கலக் கிண்ணம் என்று போகும். எங்கள் வேனில் ஒரு குடை, பன்னிரண்டு பானை, ஓர் ஆடு, டார்ச் லைட்டோடு வெள்ளைச்சாமி மாமா.

"எதுவும் விட்டுப்போகலியே?" என்று கேட்டார் பெரியண்ணன்.

பிச்சாண்டி அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "குடை, பானை, ஆடு, மாமா, சொரிமுத்து. எல்லாம் இருக்கு."

போய்ச் சேரும்போது மணி எட்டு. மாமியார் வாசலிலேயே வாயில் விரலை வைத்துக்காட்டினார். "சத்தம் போடாதீங்க. பிள்ள இப்பதான் தானா உறங்கிச்சு. இதுக்குப் போயி இத்தன மாசமா அங்கன கூத்தடிச்சிருக்கீங்க."

உள்ளே போய்ப் பார்த்தோம். கோமதி நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நெஞ்சு பதறியது.

"அண்ணே, நான் இன்னும் விழவே இல்லையே. எப்படி உறங்குச்சு?" என்றேன் மெதுவாக.

"பானையும் உடையல" என்றார் பிச்சாண்டி அண்ணன்.

"நானும் இன்னும் கேக்கல" என்றார் வெள்ளைச்சாமி மாமா. அவருக்கு முகம் வாடிவிட்டது.

பெரியண்ணன் தாடையைச் சொறிந்தார். "வரிசை மாறிப்போச்சு. இது உறக்கத்துல சேராது. எழுப்பி முறையா உறங்க வைக்கணும்."

பிச்சாண்டி அண்ணன் ஆட்டை உள்ளே கொண்டுவந்து காதைக் கிள்ளினார். கோமதி எழுந்தது. எழுந்து கத்த ஆரம்பித்ததுதான், ஒன்பதாயிற்று, பத்தாயிற்று, நிறுத்தவில்லை. மாமியார் தாலாட்டுப் பாடினார். மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு தெருவையே சுற்றி வந்தார். பேச்சி பழக்கத்தில் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோமதியும் அங்கேதான் பார்த்துப் பார்த்து அழுதது. அது காங்கிரீட் வீடு. மேலே ஒரு பல்லிதான் இருந்தது.

பதினோரு மணிக்கு மாமியார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தோம். கடப்பாரையோடு திரும்பி வந்தார். தலையெல்லாம் கலைந்திருந்தது.

"எந்த இடத்துல உடைக்கணும், சொல்லுங்க" என்றார்.

அண்ணன்மார் இருவரும் நல்ல இடமாகத் தேடி மேலே பார்த்தார்கள். நான் மட்டும் கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரை. வைக்கோலை மறந்துவிட்டு வந்திருந்தோம்.